பிள்ளைகள் படித்து முடிக்கட்டும்

“பிள்ளைகள் படித்து முடிக்கட்டும், அப்புறம் ஆற அமரப் போய்வரலாம்.” பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நாற்பதைத் தொட்ட தம்பதிகளிடம் வெளியூர்ப் பயணம் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான். பத்து வருடம் கழித்து அதே வீட்டில் கேட்டால், “மகளுக்கு ஒரு கல்யாணம் முடியட்டும்” என்பார்கள். இன்னும் பத்து வருடம் போனால் முட்டிவலி, சர்க்கரை, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று பேச்சே வேறு பக்கம் போய்விடும். ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் எப்போது, யாரோடு, எதற்காக ஊர் சுற்றக் கிளம்புகிறது என்று மலேசியத் தமிழர்களை வைத்து யோசிக்கும்போது, இந்த ஒத்திப்போடுதல்தான் எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்கிறது. இதைச் சோம்பல் என்றோ கஞ்சத்தனம் என்றோ தள்ளிவிட முடியாது. வேலைச் சட்டம், சம்பளம், பள்ளி நாட்காட்டி, உறவுக் கடமை, கப்பல் காலத்துப் பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் அந்த “அப்புறம்” உருவாகியிருக்கிறது.

குடும்ப வாழ்க்கையைப் படிநிலைகளாகப் பிரித்துப் பார்க்கும் முறை அமெரிக்காவில் வளர்ந்தது. 1957-இல் ஈவ்லின் டுவால் குடும்ப வளர்ச்சியை எட்டுக் கட்டங்களாக வகுத்தார். 1966-இல் வெல்ஸ், குபார் இருவரும் அதையே செலவுப் பழக்கத்தோடு பொருத்தி, தனி இளைஞர், புதுமணத் தம்பதி, பிள்ளைகள் நிறைந்த கூடு, பிள்ளைகள் பறந்துபோன காலிக்கூடு என்று அடுக்கினார்கள். 1975-இல் பிரிட்டனில் ரப்போபோர்ட் தம்பதி ஓய்வு நேரத்தையும் குடும்பக் கட்டங்களையும் இணைத்து ஒரு நூலே எழுதினார்கள். சுற்றுலாத் துறை இன்றும் இந்த அட்டவணைகளை நம்பியே விளம்பரம் செய்கிறது. அதன் கணக்குப்படி, பிள்ளைகள் பறந்துபோனதும் பெற்றோருக்குக் காசும் நேரமும் ஒருசேரக் கிடைக்கும். பயணத்தின் பொற்காலம் அது.

நம் வீடுகளில் அந்தக் கூடு அவ்வளவு எளிதில் காலியாவதில்லை. பாட்டி உள்ளறையில் இருப்பார். கல்யாணமாகாத சித்தப்பா மாடியில் இருப்பார். மகன் கல்யாணம் செய்துகொண்டு அதே வீட்டிலோ அடுத்த தெருவிலோ இருப்பான். பேரப்பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிடும் வேலை ஓய்வுபெற்ற தாத்தாவுக்கு. ஆகவே அந்த அட்டவணையை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் பாதிக் கட்டங்கள் பொருந்தாது. மலேசியப் புள்ளிவிவரத் துறை உள்நாட்டுப் பயணங்களைப் பற்றி எடுக்கும் கணக்கெடுப்பில், உறவினரையும் நண்பரையும் பார்க்கப் போவது ஆண்டுதோறும் முதன்மைக் காரணங்களில் ஒன்றாக வருகிறது. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் பொதுவான உண்மை அது. நம்மிடையே அது இன்னும் அழுத்தமானது. ஈப்போவில் ஒரு கல்யாணம், தைப்பிங்கில் ஒரு கருமாதி, சுங்கைப்பட்டாணியில் ஒரு காதணி விழா. போகிற வழியில் ஒரு நீர்வீழ்ச்சியிலோ கடற்கரையிலோ இறங்கினால் அதுதான் உல்லாசம். கடமை என்ற பெயர் இருந்தால்தான் வீட்டுப் பெரியவர்கள் பையைத் தூக்குவார்கள்.

இந்தப் போக்கின் வேரில் விடுமுறைச் சட்டம் இருக்கிறது. சம்பளத்தோடு விடுமுறை என்பது உலகத்துக்கே புதிய உரிமை. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1936-இல்தான் ஓராண்டு வேலைக்கு ஆறு நாள் சம்பள விடுமுறை என்ற ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. பிரிட்டன் 1938-இல் அதற்கென்று சட்டம் இயற்றியது. மலாயாவின் வேலைச் சட்டம் 1955-இல் பிறந்தது. இன்றும் அதன்படி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 8 நாள், ஐந்து ஆண்டுக்குக் குறைவானவருக்கு 12 நாள், அதற்கு மேற்பட்டவருக்கு 16 நாள். இவற்றோடு 11 பொது விடுமுறைகள். அந்த 16 நாளில் தீபாவளிக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் போகும். தைப்பூசத்துக்கு ஒன்று, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு மூன்று, பள்ளி ஆசிரியரைப் பார்க்க ஒன்று, நெருங்கிய உறவில் யாராவது தவறிவிட்டால் இரண்டு. மிச்சத்தை டிசம்பருக்கு வைத்திருந்தால், எல்லாரும் அப்போதுதான் கேட்கிறார்கள் என்று மேலாளர் கைவிரிப்பார். தினக்கூலிக்கும் ஒப்பந்தத்துக்கும் லாரி ஓட்டுபவர்களுக்கு இந்தக் கணக்கும் கிடையாது. ஓடாத நாளுக்குக் காசில்லை.

அதற்கு முந்தைய தலைமுறைக்கோ பயணம் என்றாலே கப்பல். 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’, மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்ற தடத்தில் 1973 வரை ஓடியது. அடுத்து அதே தடத்தில் இந்தியக் கப்பல் கழகத்தின் ‘சிதம்பரம்’ வந்தது. 1984 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போனபின் அந்தப் பயணிகள் சேவையும் முடிந்தது. ஏறத்தாழ ஒரு வாரம் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, ட்ரங்குப் பெட்டியோடும் போர்வையோடும் சோப்புக் கட்டிகளோடும் போய் இறங்கியவர்கள் மாதக்கணக்கில் ஊரில் தங்கினார்கள். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதும் பங்காளிகளுக்குள் இருந்த நிலத் தகராறைப் பேசி முடிப்பதும் பெண்ணோ மாப்பிள்ளையோ பார்ப்பதும் எல்லாம் அந்த ஒரே பயணத்தில் நடந்தன. வருடக்கணக்கில் சேர்த்து, வாழ்க்கையில் ஒருமுறையோ இருமுறையோ போகும் பயணம் அது.

கப்பல் போய்விட்டது. அது பழக்கிய மனம் போகவில்லை. பயணம் என்றால் பெரியதாக இருக்க வேண்டும், அதற்கு ஓர் ஆயுள் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் இன்றைக்கும் நம் வீடுகளில் இருக்கிறது. இன்று கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் நான்கு மணி நேரம்கூட ஆகாது. மலிவுக் கட்டண விமானங்கள் அந்தத் தடத்தைப் பேருந்துத் தடம் போலவே ஆக்கிவிட்டன. பிரிக்பீல்ட்ஸில் பழைய ரயில்வே முற்றம் இருந்த இடத்தில் 2001-இல் எழுந்த கேஎல் சென்ட்ரலிலிருந்து, 2002 முதல் ஓடும் விரைவு ரயில் அரை மணி நேரத்தில் விமான நிலையத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைக்கும் நாணயமாற்றுக் கடைக்கும் இடையில் நடந்துபோகிறவருக்குத் தமிழ்நாடு ஒரு மாலைப்பொழுது தூரம்தான். ஆனாலும் “இந்தியா டூர்” என்பது ஓய்வுபெற்ற பின் செய்யவேண்டிய காரியங்களின் பட்டியலில்தான் இன்னும் இருக்கிறது.

நடுவயதுக் குடும்பத்தின் பயணத்தைக் கப்பலையும் விமானத்தையும்விட அதிகமாக மாற்றியது கார். 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வந்தது. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு பெரோடுவா கஞ்சில் வந்து, குமாஸ்தாவும் தாதியும் ஆசிரியரும்கூடத் தவணையில் கார் வாங்கலாம் என்றானது. போர்ட்டிக்சன், மோரிப், கேமரன் மலை, பங்கோர், பினாங்கு எல்லாம் சனி ஞாயிறுக்குள் அடங்கின. கிள்ளான்காரர்களுக்கு மோரிப் கடற்கரை கிட்டத்தட்ட வீட்டு முற்றம். பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் போர்ட்டிக்சனில் மூன்று அறை அபார்ட்மெண்ட் ஒன்றை எடுத்து மூன்று குடும்பமாகத் தங்குவார்கள். காலையில் கார் கிளம்பும்போது பின்பக்கத்தில் ஐஸ் பெட்டி, மீகூன் பொரியல், நெத்திலி சம்பல், புளிச்சோறு, மசாலா தடவிய கோழி, கரி மூட்டை எல்லாம் ஏறியிருக்கும்.

அந்த மூட்டைகளை முதல்நாள் இரவு கட்டியது யார் என்று கேட்க வேண்டும். கடற்கரையில் அடுப்பு மூட்டுவதற்கு ஆண்கள் முன்வருவார்கள். அதற்கு முன்னால் நறுக்கியதும் ஊறவைத்ததும் முடிந்தபின் தேய்த்துக் கழுவியதும் அம்மாவும் அத்தையும் அண்ணியும். சமையலறை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. குடும்பப் பயணம் பற்றிய பேச்சில் இந்த உண்மையை ஓரமாக வைத்துவிட்டுப் போனால், பாதிக் குடும்பத்தின் கதையை மட்டுமே சொன்னவர்களாவோம். தோட்டத்தில் பால்வெட்டிய தாயும் கிள்ளான் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் மகளும் பயணம் போய்வந்த மறுநாள் கூடுதல் களைப்போடு வேலைக்குப் போகிறார்கள்.

கைக்குழந்தை இருக்கும் இரண்டு மூன்று வருடம் பயணம் பெரும்பாலும் நின்றுவிடும். அந்த நேரத்தில் குடும்பத்தை வெளியே இழுப்பது கோயில். முதல் மொட்டை பத்துமலையில் என்று வேண்டியிருந்தால் 2010 முதல் கொமுட்டர் ரயிலே மலையடிவாரம் வரை போகிறது. பினாங்குத் தண்ணீர்மலைக்குத் தைப்பூசத்தில் போகிற கிள்ளான் பள்ளத்தாக்குக் குடும்பங்கள், காவடி முடிந்த மறுநாள் கடற்கரையில் அரை நாள் உட்கார்ந்துவிட்டுத்தான் திரும்பும். பக்திக்கும் களிப்புக்கும் நடுவில் வேலி போடத் தெரியாத இந்தப் பழக்கத்தை நான் மனமார மதிக்கிறேன். எட்டு மணி நேரம் படியேறி இறங்கிய பாட்டியும் பஞ்சுமிட்டாய்க்கு அழுத பேத்தியும் ஒரே வேனில் தூங்கிக்கொண்டே வீடு திரும்புவது எந்தச் சுற்றுலாத் தொகுப்பிலும் விலைக்குக் கிடைக்காது.

என் கணிப்பில், ஒரு குடும்பத்துக்குப் பயணம் அதிகம் கொடுப்பது பிள்ளைகளுக்கு ஏழிலிருந்து பதினான்கு வயது வரை உள்ள காலம். அந்த வயதில் பிள்ளைக்குத் தானாக நடக்கவும் பார்த்ததை நினைவில் வைத்துக்கொள்ளவும் தெரியும். அப்பா அம்மாவோடு வெளியே வருவதற்கு இன்னும் வெட்கம் வந்திருக்காது. தாத்தா பாட்டிக்கும் கால்கள் இன்னும் உறுதியாக இருக்கும். மூன்று தலைமுறையும் நடக்கக்கூடிய அந்த ஏழெட்டு வருடம் ஒரு வீட்டுக்கு ஒருமுறைதான் வரும். அதே காலத்தில்தான் டியூஷன் உச்சத்தில் இருக்கும், வீட்டுக் கடனும் கார் கடனும் சேர்ந்து அழுத்தும். ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இலும், மூன்றாம் படிவத்துப் பிடி3 தேர்வு 2022-இலும் ஒழிக்கப்பட்டன. தேர்வுகள் போனபின்னும் “இது முக்கியமான வருஷம்” என்ற பேச்சு போகவில்லை. எஸ்பிஎம் தேர்வு வருடத்தில் பல வீடுகளில் கல்யாணத்துக்குக்கூட அம்மா மட்டும் போய்வருவார். பள்ளி நாட்காட்டியும் குடும்பங்களை அலைக்கழித்தது. நவம்பர், டிசம்பரில் இருந்த பெரிய விடுமுறை பெருந்தொற்றுக்குப் பின் ஆண்டுத் தொடக்கத்துக்கு நகர்ந்தது. 2026-இல்தான் பள்ளி ஆண்டு மறுபடி ஜனவரிக்கு வந்திருக்கிறது.

அதற்கடுத்த கட்டத்தில் ஒரு பயணம் யாரும் திட்டமிடாமலே வாய்க்கிறது. அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதுதான் அது. கோத்தா கினபாலுவில் இடம் கிடைத்தால் சபா, கோத்தா சமரகானில் கிடைத்தால் சரவாக், சிந்தோக்கில் கிடைத்தால் கெடாவின் வடகோடி. கிள்ளான் பள்ளத்தாக்கில் பிறந்து, போர்னியோவை வரைபடத்தில் மட்டுமே பார்த்திருந்த பெற்றோர் பலருக்கு மகளின் பதிவு நாள்தான் முதல் கிழக்கு மலேசியப் பயணம். விடுதியில் மெத்தை உறை மாட்டிக் கொடுத்து, வாளி வாங்கிக் கொடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுநாள் விமானம் என்பதால் ஒரு மாலை கடற்கரைக்குப் போவார்கள். பட்டமளிப்புக்கு மறுபடி போவார்கள். இவையெல்லாம் எந்தக் கணக்கெடுப்பிலும் உல்லாசம் என்று பதிவாகாது. கணவனும் மனைவியும் பிள்ளைகள் இல்லாமல் இருபது வருடத்தில் முதல்முறை ஒரு விடுதி அறையில் தங்கியிருப்பார்கள் அன்றைக்கு.

ஐம்பது வயதுக்கு மேல் பயணத்தின் காரணம் கல்யாணச் சேலை. தி.நகருக்கோ திருச்சிக்கோ போய், நான்கு நாளில் பட்டும் பாத்திரமும் அழைப்பிதழும் முடித்து, நடுவில் ஸ்ரீரங்கமும் சமயபுரமும் பார்த்துத் திரும்புவது இன்று வழக்கமாகிவிட்டது. இதே வயதில்தான் ஊழியர் சேமநிதி கண்ணெதிரே வருகிறது. 1951-இல் தொடங்கிய அந்த நிதியை 55 வயதில் முழுதாக எடுக்கலாம். தனியார் துறையில் ஓய்வு வயது 2013 ஜூலையிலிருந்து 60. இடையிலுள்ள அந்த ஐந்து வருடத்தில் பெரிய தொகை ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். வீட்டைப் புதுப்பிப்பதா, மகனுக்குக் கடை வைத்துக் கொடுப்பதா, காசி ராமேஸ்வரம் போவதா என்று பேச்சு நடக்கும். 55 வயதில் ஒருவருக்கு 240,000 ரிங்கிட் இருக்க வேண்டும் என்று சேமநிதி வாரியம் 2019-இல் வைத்த அளவுகோல் மாதம் 1,000 ரிங்கிட் வீதம் இருபது வருடத்துக்கு வரும். அந்த அளவைத் தொடாதவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் அந்தத் தொகையை உடைத்துப் பெரும்பயணம் போவதை என்னால் நல்ல யோசனை என்று சொல்ல முடியவில்லை. ஒத்திப்போட்ட பயணம் முதுமைக் காசின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. முப்பது வயதிலிருந்து வருடத்துக்கு ஒன்றாகச் செய்திருந்தால் அது மாதச் சம்பளத்திலேயே கரைந்திருக்கும்.

ஓய்வுக்குப் பின் நன்றாகப் பயணம் செய்கிறவர்கள் யார் என்று பார்த்தால் வர்க்கம் தெளிவாகத் தெரியும். தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களும் தாதியரும் அரசுக் குமாஸ்தாக்களும் மாதாமாதம் ஓய்வூதியம் பெறுகிறார்கள். செலவழித்தாலும் அடுத்த மாதம் வரும் என்ற தைரியம் அவர்களுக்கு உண்டு. அறுபடை வீடு, நவக்கிரகத் தலங்கள், கேதார், பத்ரி என்று குழுவாகக் கிளம்புகிறவர்களில் இவர்கள் நிறைய. அந்தக் குழுக்களில் பெண்களைப் பார்ப்பது எனக்கு மகிழ்ச்சி தரும். கணவரை இழந்த அக்காக்கள் நான்கைந்து பேர் ஒன்றாகப் பெயர் கொடுத்திருப்பார்கள். சமைக்க வேண்டியதில்லை, யாருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. நாற்பது வருடக் குடும்பப் பயணங்களில் கிடைக்காத ஓய்வு அவர்களுக்கு அங்கேதான் கிடைக்கிறது.

பிரிக்பீல்ட்ஸின் யாழ்ப்பாண வழிவந்த குடும்பங்களுக்கு வேறொரு காத்திருப்பு இருந்தது. ரயில்வேயிலும் கருவூலத்திலும் வேலை பார்க்க வந்து, 1904-இல் விவேகானந்தா ஆசிரமத்தை எழுப்பி, ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலைக் கட்டியவர்களின் பேரன்மார் ஓய்வுபெற்ற காலத்தில் யாழ்ப்பாணத்தில் போர். 2009-இல் போர் முடிந்து, 2014 அக்டோபரில் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியபோது, எழுபதைக் கடந்தவர்கள் நல்லூரைப் பார்க்கப் போனார்கள். போக முடியாமலே போனவர்களும் உண்டு.

பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது என்று மெல்பர்னுக்கோ லண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ போகும் பாட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விமான நிலையத்தில் அவர்களை வழியனுப்ப ஒரு கூட்டமே வரும். பக்கத்து வீட்டில் “கொடுத்து வைத்தவங்க” என்பார்கள். போன இடத்தில் பத்தியச் சாப்பாடு, குழந்தைக்கு எண்ணெய்க் குளியல், மருமகளுக்குத் தூக்கம் கிடைக்க இரவு விழிப்பு. மூன்று மாதத்தில் வெளியே பார்த்தது இரண்டு பூங்காவும் ஒரு கோயிலும். அன்பால் செய்யும் வேலைதான், மனம் நிறைந்தே செய்கிறார்கள். ஆனாலும் திரும்புவதற்குமுன் ஒரு வாரம் அவர்களைச் சும்மா ஊர் சுற்றிக் காட்டுவது பிள்ளைகளின் கடமை என்று நான் நினைக்கிறேன்.

ஒத்திப்போடுவதற்கு எதிரான வலுவான வாதம் உடம்பு. 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில் மலேசிய இந்தியர்களில் வயதுவந்தவர்களுள் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மலாய்க்காரர்களில் 22, சீனர்களில் 15.1. நம் சமூகத்தில் மூவரில் ஒருவருக்கு அருகில். நீரிழிவோடு பயணம் செய்ய முடியாது என்பதல்ல. ஆனால் இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டும், கோயில் பிரகாரத்தின் சூட்டில் வெறுங்காலோடு நடந்தால் உணர்வற்ற பாதத்தில் கொப்புளம் வந்தது தெரியாது, பயணக் காப்பீடு விலையேறும். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் போகிற ஊரில் முன்கூட்டியே இடம் பிடிக்காமல் இரண்டு நாளைக்கு மேல் வெளியூரில் தங்க முடியாது. “ரிட்டயர் ஆனதும்” என்று தள்ளிவைத்த வீட்டில், ரிட்டயர் ஆகும்போது காசு இருக்கும், கால் இருக்காது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இது இன்னும் கொடுமையாகப் புரிந்தது. மாநிலம் தாண்டிப் போவதற்கான தடை முடிவாக நீங்க 2021 அக்டோபர் 11 வரையும், எல்லைகள் முழுதாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு ஆண்டில் ஓய்வுபெற்றவர்கள் தள்ளிவைத்ததை மேலும் தள்ளிவைத்தார்கள். சிலர் திரும்பாத ஊருக்கே போய்விட்டார்கள். சேமநிதியிலிருந்து நாடு முழுவதும் எடுக்கப்பட்ட சிறப்புத் தொகை சுமார் 145 பில்லியன் ரிங்கிட். பயணத்துக்கென்று மனத்தில் ஒதுக்கியிருந்த காசு பல வீடுகளில் அரிசிக்கும் வாடகைக்கும் போனது.

அறுபதைத் தாண்டியவர்கள் நாட்டின் மக்கள்தொகையில் 2030-இல் 15 விழுக்காட்டை எட்டுவார்கள் என்று அரசே சொல்கிறது. மலேசியாவில் இவ்வளவு பேருக்கான பயணத்தை இப்போதே மலிவாகச் செய்ய வழி இருக்கிறது. கேஎல் சென்ட்ரலில் ஏறினால் மின்ரயில் இரண்டரை மணி நேரத்தில் ஈப்போவில் நிற்கும். மூத்த குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. மாடிப்படி ஏற முடியாதவருக்கு மின்தூக்கி உண்டு. காலை ரயிலில் போய், கல்லுமலைக் கோயிலைப் பார்த்து, வெள்ளைக் காப்பி குடித்து, மதியம் வயிறாரச் சாப்பிட்டு, இரவு சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். பாட்டியையும் பத்து வயதுப் பேரனையும் கூட்டிப் போக ஒரு நாள் விடுப்புகூட வேண்டாம், ஒரு சனிக்கிழமை போதும். டியூஷன் வாத்தியாரிடம் அன்றைக்கு மட்டும் சொல்லிக்கொள்ளலாம். சமையல் வேண்டாம் என்று அம்மாவிடமும் முதல்நாளே சொல்லிவிட வேண்டும்.